உறுதி இல்லாதவர்கள் எந்தக் கதவைத் தட்டுவது?

மலையகத்தில் செய்தி சேகரித்துத் திரிந்த காலத்தில், லயத்து முற்றங்களில் நான் அடிக்கடி எதிர்கொண்ட கேள்வி ஒன்று உண்டு: "இந்த மண் யாருக்குச் சொந்தம் ஐயா?" 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992 முதல் பெரும்பாலானவை மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றன. ஆகவே நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது என்று விடை சொல்வேன். கேட்டவர் தலையசைத்துவிட்டுக் கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

அந்தக் கேள்வியின் முழுக் கனத்தையும் எனக்கு உணர்த்தியது மலையக வழக்கு எதுவுமன்று. அநுராதபுர மாவட்டத்து எப்பாவல வழக்கு. அங்கே பூமிக்கடியில் பொஸ்பேற்றுப் படிவு இருப்பது 1971இல் கண்டறியப்பட்டது. பின்னாளில் அதை அகழ்ந்தெடுக்கும் உரிமையை ஓர் அமெரிக்கக் கம்பனி சார்ந்த கூட்டு முயற்சிக்கு முப்பது ஆண்டுகளுக்கு வழங்க அரசாங்கம் முன்வந்தது. வயலும் தென்னந்தோட்டமும் வைத்திருந்த கிராமத்தவர் சிலரும், அவ்வூர் விகாராதிபதியும் உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். (தமிழகத்தார் உச்ச நீதிமன்றம் என்பதையே நாம் இலங்கையில் உயர் நீதிமன்றம் என்கிறோம்.)

2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் நீதியரசர் அமரசிங்க வழங்கிய தீர்ப்பு கிராமத்தவருக்குச் சாதகமாக அமைந்தது. இயற்கை வளங்களுக்கு அரசு எசமானன் அன்று, மக்கள் சார்பில் அவற்றைக் காக்கும் பொறுப்பாளரே என்பது அத்தீர்ப்பின் சாரம். முழுமையான ஆய்வும் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் நிறைவேறும்வரை ஒப்பந்தம் செய்யலாகாது என்றும் கட்டளை பிறந்தது.

இதன் அருமையை உணர, சட்டத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின்படி, நிலம் எவருடையதாயினும் அதன் கீழுள்ள கனிமம் குடியரசுக்கே உரியது. எனவே "கனிமம் எனது" என்று எப்பாவல விவசாயி வாதாட முடியாது. அவர்கள் வென்றது சமத்துவம், தொழில் செய்யும் சுதந்திரம், விரும்பிய இடத்தில் வாழும் சுதந்திரம் ஆகிய அடிப்படை உரிமைகளின் பெயரால். இது பொதுநல வழக்கு, ஏற்க முடியாது என்ற எதிர்வாதத்தையும் நீதிமன்றம் புறந்தள்ளியது.

இனி மலையகத்துக்கு வருவோம். பொகவந்தலாவப் பகுதியில் ஆற்றோரங்களிலும் தேயிலைச் சரிவுகளிலும் மாணிக்கக்கல் தோண்டும் குழிகளைப் பற்றிச் செய்திகள் ஓய்ந்தபாடில்லை. உத்தரவின்றித் தோண்டுவோர் கைதாகிறார்கள். கூலிக்குக் குழியில் இறங்கிய தோட்டத்து இளைஞர்களும் அவர்களுள் உண்டு. குழியின் மண் ஆற்றோடு போய்க் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் படிகிறது. முறைப்படி அனுமதி பெற விரும்புவோர் காணிச் சொந்தக்காரரின் சம்மதத்தைக் காட்ட வேண்டும். தோட்டக் காணியில் அந்தச் சம்மதத்தைக் கொடுக்க வேண்டியவர் யார்? சரிவுக்குக் கீழே லயத்தில் குடியிருப்பவர் அல்லர். அவரது பெயர் எந்தக் காணிப் பதிவேட்டிலும் இல்லை.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. எப்பாவல மக்கள் நாடிய தொழில், வதிவிடச் சுதந்திரங்கள் அரசியலமைப்பில் பிரசைகளுக்கு உரியனவாகவே எழுதப்பட்டுள்ளன. அத்தீர்ப்பு வெளிவந்த நாளில் மலையகத் தமிழருள் ஒரு பகுதியினர் நாடற்றவர்களாகவே இருந்தனர். 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமைக் கணக்கைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியிருந்தது. ஒரே நாட்டில் ஒருவர் தம் வயலுக்காக வழக்காடினார். மற்றவருக்கோ தாம் இந்நாட்டவர் என்பதையே நிறுவ வேண்டியிருந்தது.

இன்று பிரசாவுரிமை இருக்கிறது. 2015க்குப் பின்னர் சில தோட்டங்களில் ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடுகளும் எழுந்தன. ஆனால் வீடு கிடைத்த எல்லோருக்கும் உறுதி கிடைத்துவிடவில்லை. லயங்களோ இன்னும் நிற்கின்றன. உறுதிக்கான கோரிக்கையைத் தளர்த்தக் கூடாது. அதேவேளை, உறுதி வரும்வரை கைகட்டி நிற்கவும் தேவையில்லை என்பதே என் கருத்து. வாழிடமும் பிழைப்பும் பறிபோகும் ஆபத்தைக் காட்டி எப்பாவல மக்கள் தட்டிய கதவு லயத்தவருக்கும் திறந்தே இருக்கிறது.

அந்தக் கதவு கொழும்பில் இருக்கிறது என்பதுதான் சிக்கல். உரிமை மீறப்பட்ட ஒரு மாத காலத்துக்குள் மனுத் தாக்கல் செய்தாக வேண்டும். நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு வழக்கறிஞரைத் தேடவே அந்த மாதம் போதாது. சந்தாப் பணத்தில் வளர்ந்த நம் தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையோடு நின்றுவிடாமல், இதற்கென ஒரு சட்டப் பிரிவை அட்டனில் நடத்தலாகாதா? அகழ்வு அனுமதிக்கான ஒவ்வொரு விண்ணப்பமும், வழங்கப்படுமுன்னர், அவ்வப் பிரிவின் லயங்களில் தமிழில் ஒட்டப்பட வேண்டுமென்று நாடாளுமன்றத்தில் உள்ள நம் பிரதிநிதிகள் கேட்கலாகாதா?

2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே மண்ணைச் சரித்தது மழை, அகழ்வு அன்று. எனினும் மலைச்சரிவில் மண் அசைந்தால் முதலில் புதைவது யார் என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் சரிவைத் தோண்டலாமா என்று கேட்கும்போது, முதலில் கேட்கப்பட வேண்டியவர்களும் அவர்களே.