சிக்னலில் அணைய மறுக்கும் என்ஜின்

டில்லியில் பிப்ரவரி மாதம் சமர்த்தாக நடந்துகொள்ளும் கார், மே மாதத்தில் முரண்டு பிடிக்கிறது. சிவப்பு விளக்கில் தானாக அணைந்து, புறப்படும்போது தானாகக் கிளம்பும் என்று சொல்லி விற்கப்பட்ட என்ஜின், ஒரு சிக்னலில் அணைகிறது. அடுத்த சிக்னலில் அணைய மறுக்கிறது. மூன்றாவதில் அணைந்த அரை நிமிடத்தில், விளக்கு இன்னும் சிவப்பாக இருக்கும்போதே, எழுந்து உறுமுகிறது. உரிமையாளர் சர்வீஸ் சென்டருக்கு ஓடுகிறார். அவர்கள் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, "கோளாறு ஒன்றும் இல்லை" என்கிறார்கள். உரிமையாளர் நம்புவதில்லை. ஆனால் பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மைதான்.

என்ஜினை அணைப்பது சுலபம். திரும்பக் கிளப்புவதுதான் கவலை. நடுச்சாலையில் அணைந்த கார் கிளம்பாமல் நின்றுவிட்டால், மிச்சப்படுத்திய பெட்ரோலுக்கு அர்த்தமில்லை. எனவே அணைக்கும் முன் காரின் கம்ப்யூட்டர் பல கேள்விகள் கேட்கிறது. பேட்டரியில் போதிய சக்தி இருக்கிறதா? என்ஜின் சூடாகிவிட்டதா? உள்ளே குளிர்ச்சி போதுமா? பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இருக்கிறதா? ஓட்டுநர் சீட் பெல்ட் போட்டிருக்கிறாரா? கதவும் பானெட்டும் மூடியுள்ளனவா? ஒரே ஒரு கேள்விக்கு "இல்லை" என்ற பதில் வந்தாலும் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். அணைந்த பிறகு சில கேள்விகளுக்குப் பதில் மாறினால், தானே கிளம்பிவிடும்.

இந்தியாவுக்கு இது புதிதல்ல. மகிந்திரா 2008இல் ஸ்கார்ப்பியோவில் இதைக் கொண்டுவந்தது. ஹீரோ 2014இல் ஸ்ப்ளெண்டர் பைக்கிலேயே பொருத்தியது. மாருதி 2015இல் சியாஸ் டீசல் காரில் இதையும் சிறு மின்மோட்டாரையும் சேர்த்து 'ஹைப்ரிட்' என்று பெயர் சூட்ட, அரசு மானியமும் கிடைத்தது. 2017 ஏப்ரலில் இத்தகைய கார்களுக்கான மானியத்தை மத்திய அரசு நிறுத்தியது. மானியம் போனாலும் வசதி நிலைத்துவிட்டது.

மறுப்புக்கு அடிக்கடி காரணமாவது பேட்டரி. அதன் நெகடிவ் முனையில் உட்கார்ந்திருக்கும் சிறு சென்சார், உள்ளே போகும் மின்சாரத்தையும் வெளியே வரும் மின்சாரத்தையும் கணக்கு வைக்கிறது. இருப்பு ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் என்ஜினை அணைக்க அனுமதி இல்லை. காரைக் கிளப்பப் போதுமான சக்தி இருந்தும் அணைய மறுப்பது இதனால்தான்: கம்ப்யூட்டர் கேட்பது ஒரு தடவைக்கான சக்தி அல்ல, வழியில் வரும் எல்லா சிக்னல்களுக்குமான சக்தி. வீட்டிலிருந்து ஆபீஸுக்கு மூன்று கிலோமீட்டர், வழியெல்லாம் விளக்கு, ஏசி, பாட்டு என்றால் செலவு அதிகம், வரவு குறைவு. ஈய பேட்டரி மெதுவாகத்தான் சார்ஜ் ஆகும். கால் மணி நேர ஓட்டம் அதற்குப் போதாது. நெடுஞ்சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடிவிட்டு வந்த கார் திங்களன்று ஒழுங்காக அணைவதன் ரகசியமும் இதுவே.

இந்த இடத்தில்தான் பணம் வீணாகிறது. அடிக்கடி அணைந்து எழும் வாகனத்துக்கு என்றே பலப்படுத்திய பேட்டரி உண்டு. விலை கூடுதல். அது தேய்ந்ததும், "எல்லாம் ஒன்றுதான்" என்று கடைக்காரர் சாதாரண பேட்டரியை மாட்டிவிடுகிறார். சில மாதங்களில் வசதி அடிக்கடி மறுக்கத் தொடங்கும், அல்லது பேட்டரியே சீக்கிரம் விழும். சில கார்களில் புது பேட்டரி வந்த செய்தியைக் கம்ப்யூட்டருக்குப் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அது பழைய கிழ பேட்டரியை மனதில் வைத்தே முடிவெடுக்கும். கூடுதல் ஹாரனும் ஆம்ப்ளிஃபையரும் பொருத்துபவர், எர்த் ஒயரை நேராக பேட்டரி முனையில் கட்டினால் சென்சாரின் கணக்கு தவறிவிடும். ஒயரைக் காரின் உடலில் கட்ட வேண்டும். கோளாறு என்று வருகிற கார்களில் இந்த ஒயரை முதலில் பார்ப்பது நல்லது.

அடுத்தது வெயில். சாதாரண காரில் ஏசி கம்ப்ரசரை ஓட்டுவது என்ஜினின் பெல்ட். என்ஜின் நின்றால் கம்ப்ரசரும் நிற்கும்; மின்விசிறி மட்டும் சுற்றும். வெளியே 44 டிகிரி அடிக்கும்போது குளிர்ச்சி ஒரு நிமிடம்கூடத் தாங்காது. உள்ளே சூடு ஏறுவதை உணர்ந்ததும் கம்ப்யூட்டர் என்ஜினை எழுப்பிவிடும். மே மாத முரண்டின் விளக்கம் இதுதான். இன்னோவா ஹைகிராஸ் போன்ற முழு ஹைப்ரிட் கார்களில் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுவதால், என்ஜின் நின்றாலும் குளிர்ச்சி நிற்பதில்லை. ஸ்கூட்டருக்கு இந்தத் தொல்லையே இல்லை: ஏசியே கிடையாதே.

மூன்றாவது காரணம் ஓட்டுநரின் கால். கியர் மாற்றி ஓட்டும் கார்களில் பெரும்பாலானவை நியூட்ரலுக்கு வந்து கிளச்சிலிருந்து காலை எடுத்தால்தான் அணையும். முதல் கியரைப் போட்டு, கிளச்சை மிதித்தபடியே பச்சை விளக்குக்குக் காத்திருப்பது நம் ஊர்ப் பழக்கம். அப்படி நின்றால் அணையாது. ஆட்டோமேடிக் காரில் பிரேக்கை அழுத்தி மிதிக்காமல் மெல்லத் தொட்டுக்கொண்டிருந்தால் அணையாது. பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பில் ஊர்வதுபோல் அடி அடியாக நகர்ந்தாலும் அணையாது. ஒரு முறை அணைந்தபின் குறிப்பிட்ட வேகத்தைத் தொட்டால்தான் அடுத்த வாய்ப்பு. டீசல் கார் தன் புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்துக்கொண்டிருந்தாலும் அணையாது.

இத்தனை நிபந்தனைகள் இருந்தும் கம்பெனிகள் ஏன் விடாமல் பொருத்துகின்றன? விடை சோதனைக்கூடத்தில் இருக்கிறது. இந்தியாவில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் மைலேஜ் சோதனை ஏறக்குறைய 20 நிமிடம் நடக்கும். அதில் சுமார் கால் பங்கு நேரம் கார் உருளைகள்மேல் சும்மா நிற்கும். அறையில் மிதமான வெப்பம், ஏசி அணைக்கப்பட்டிருக்கும், பேட்டரி நல்ல நிலையில். அணைவதற்கு இதைவிடத் தோதான இடம் இல்லை. 2017-18இல் அமலுக்கு வந்த எரிபொருள் சிக்கன விதிகளிலும் இந்த வசதியைப் பொருத்தியதற்கென்றே கம்பெனிக்கு ஒரு சிறு சலுகை உண்டு. பொருத்தியதற்கு, சாலையில் எத்தனை தடவை வேலை செய்கிறது என்பதற்கு அல்ல. விளம்பர மைலேஜை நம்பி வாங்குபவர் ஏமாறும் இடம் இது.

அப்படியானால் பயனே இல்லையா? உண்டு. சிறிய பெட்ரோல் கார் நின்றபடியே ஓடினால் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். ஏசியோடு ஒரு லிட்டரை நெருங்கும். ஒன்றரை நிமிட சிக்னல் ஒன்றுக்கு 15 முதல் 25 மில்லி லிட்டர். நாளைக்குப் பத்து சிக்னல் என்றால், லிட்டர் 100 ரூபாய்க் கணக்கில், 15 முதல் 25 ரூபாய். ஆனால் அது எல்லா சிக்னலிலும் அணைந்தால் கிடைக்கும் கணக்கு. பாதி நேரம் மறுத்தால் மிச்சமும் பாதி. ஆளில்லாச் சாலையில் ஓடுபவருக்கு அதுவும் இல்லை.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. அணைந்த என்ஜின் அணைக்கப்பட்ட என்ஜின் அல்ல; சாவி இன்னும் 'ஆன்' நிலையில்தான் இருக்கிறது. சத்தம் இல்லையே என்று காரை அப்படியே விட்டு இறங்குவதும், குழந்தையை உள்ளே விட்டுப் போவதும் ஆபத்து. குனிந்து ஏதாவது பார்க்கும் முன் சாவியைத் திருப்பி எடுத்துவிட வேண்டும்.

இயந்திரம் மறுக்கும்போது மனிதருக்கு வழி இல்லாமல் இல்லை. சிவப்பு விளக்கில் வண்டியை அணையுங்கள் என்று டில்லி அரசு 2020 அக்டோபரில் பிரசாரம் தொடங்கியபோது, சாலையோரம் பதாகை பிடித்து நின்றவர்கள் கேட்டது கையால் சாவியைத் திருப்புவதைத்தான். அதற்கு சென்சாரின் அனுமதி தேவையில்லை. ஆனால் மே மாத வெயிலில் ஏசியை இழக்க ஓட்டுநர் சம்மதிக்க வேண்டும். கம்ப்யூட்டர் சம்மதிக்காததும் அதற்குத்தான்.