இடம் கிடைக்குமா?

சென்ற கிழமை எமக்குக் கிடைத்த கடிதங்களுள் ஒன்று மன்னார் மாவட்டத்துத் தாயார் ஒருவருடையது. கொப்பித் தாளின் இருபுறமும் நெருக்கி எழுதியிருந்தார். அதன் சாரம் வருமாறு:

"ஐயா, என் மூத்த மகள் உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவிற் தோற்றி நல்ல பெறுபேறு பெற்றிருக்கிறாள். வைத்தியராக வேண்டுமென்பது அவளுடைய சிறு வயது ஆசை. ஆனால் கடந்த ஆண்டு எங்கள் மாவட்டத்திற்கு வெளியான வெட்டுப்புள்ளியைவிட அவளுடைய இசட் புள்ளி சற்றே குறைவு. இடம் நிச்சயம் என்கிறார் வகுப்பு நடத்தும் ஆசிரியர். கிடையாது, எங்களுக்கு எப்போதுதான் கிடைத்தது என்கிறார் என் கணவர். காத்திராமல் வெளிநாட்டுக்கு அனுப்பு என்கிறார் என் தமையனார். அதற்கு வீட்டு உறுதியை ஈடு வைக்கவேண்டும். கிடைக்குமா, கிடைக்காதா? ஒரு சொல்லிற் சொல்லுங்கள்."

அம்மா, ஒரு சொல்லிற் சொல்லக் கூடியவர் இந்நாட்டில் எவருமில்லை. அப்படிச் சொல்பவரிடம் சற்று எச்சரிக்கையாகவே இருங்கள். ஆயினும் வாய்ப்பு எவ்வளவு என்பதை ஓரளவு அளந்தறிய வழியுண்டு. இதே கேள்வி வேறு பல இல்லங்களிலும் சாப்பாட்டு வேளையில் எழுந்துகொண்டிருக்கும் என்பதால், விடையை எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

முதலில் இடநெருக்கடியைப் பாருங்கள். அண்மை ஆண்டுகளில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர் பல்கலைக்கழக நுழைவுக்குத் தகுதி பெற, அரச பல்கலைக்கழகங்களில் இடம் பெறுவோர் நாற்பதினாயிரத்துச் சொச்சம் பேரே. அதாவது ஏறத்தாழ நால்வரில் ஒருவர். மருத்துவம், பொறியியல் போன்ற கற்கைநெறிகளில் நெருக்கம் இதனினும் பன்மடங்கு. ஆகவே, தகுதி பெறுவது ஒன்று. தெரிவு செய்யப்படுவது வேறொன்று.

அடுத்து, இந்த இசட் புள்ளி யாது? 2001ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையிலுள்ள இவ்வளவையைப் பெற்றோர் பலர் ஏதோ மந்திர எண் என்றே கருதியிருக்கின்றனர். அது மந்திரமன்று, எளிய கணக்கே. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்திற்குத் தோற்றிய எல்லோரினதும் சராசரியைக் கழித்து, வரும் மீதியை நியம விலகலால் வகுப்பர். நியம விலகல் என்பது புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கின்றன என்பதைக் காட்டும் அளவு. மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு கண்டு, அவற்றின் சராசரியை எடுத்தால் அதுவே இசட் புள்ளி.

விளக்கத்துக்காக ஓர் உதாரணம். ஒரு மாணவி உயிரியலில் 72 புள்ளியும் பௌதிகவியலில் 60 புள்ளியும் பெற்றாள் என வைத்துக்கொள்வோம். உயிரியலில் சராசரி 58, நியம விலகல் 14 எனின், 72இலிருந்து 58 போக 14. அதை 14ஆல் வகுக்க 1. பௌதிகவியலில் சராசரி 36, நியம விலகல் 16 எனின், 60இலிருந்து 36 போக 24. அதை 16ஆல் வகுக்க 1.5. இப்போது பாருங்கள்: பார்வைக்குக் குறைந்த 60, பார்வைக்கு உயர்ந்த 72ஐ விஞ்சி நிற்கின்றது. நம் பிள்ளை எத்தனை புள்ளி பெற்றாள் என்பதைவிட, உடன் எழுதியோருள் எங்கே நிற்கிறாள் என்பதையே இக்கணக்கு கேட்கின்றது.

இதனாலேயே "மூன்று 'ஏ' எடுத்தும் இடம் கிடைக்கவில்லையே" என்ற புலம்பல் ஆண்டுதோறும் எழுகின்றது. 75 எடுத்தவருக்கும் 'ஏ', 98 எடுத்தவருக்கும் 'ஏ'. தரம் இருவரையும் ஒரே வாங்கில் இருத்துகின்றது. இசட் புள்ளி வெவ்வேறு வரிசையில் இருத்துகின்றது. எழுத்தைக் கண்டு மகிழ்வது நன்று. ஆனால் வாய்ப்பைக் கணிக்க அவ்வெழுத்து உதவாது.

இனி இடங்கள் எவ்வாறு பங்கிடப்படுகின்றன எனப் பார்ப்போம். பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகை விகிதப்படியும், எஞ்சிய 5 வீதம் கல்வி வசதியிற் பின்தங்கியவை எனக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் அளிக்கப்படுகின்றன. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, நுவரெலியா முதலியன அப்பதினாறினுட் சேரும். சில கற்கைநெறிகளுக்கு முறை வேறு. உளச்சார்புப் பரீட்சை நடத்தப்படுவனவும் உண்டு.

இங்கே மாவட்டம் என்பது பிறந்த ஊரன்று. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்றாண்டுகளிற் பயின்ற பாடசாலையைக் கொண்டே அது முதலிற் தீர்மானிக்கப்படுகின்றது. இடையிற் பாடசாலை மாறிய பிள்ளைகளின் பெற்றோர் இதனைக் கைந்நூலிற் கவனமாக வாசித்தல் வேண்டும். தவறான மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியோடு ஒப்பிட்டு மனம் மகிழ்ந்தோரையும் மனம் நொந்தோரையும் நாம் கண்டிருக்கிறோம்.

ஒரு கற்கைநெறிக்கு 1,000 இடங்கள் எனக் கொள்வோம். 400 அகில இலங்கைக்கு, 550 மாவட்டங்களுக்கு, 50 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்கு ஒரு வீதத்தைக் கொண்ட மாவட்டத்துக்கு அந்த 550இல் ஐந்து அல்லது ஆறு இடங்களே வரும். இத்தகைய சிறிய மாவட்டத்தில், முன்னிற்பவருள் இருவர் அகில இலங்கைத் திறமைப் பட்டியலில் நுழைந்துவிட்டால், மாவட்டப் பங்கில் அவ்விரு இடங்களும் பின்னிற்பவர்க்கு வந்துசேரும். எல்லைக்கோடு சட்டெனக் கீழிறங்கும். மறு ஆண்டு நல்ல மாணவர் சிலர் கூடிவிட்டால் அதே கோடு மேலேறும். பெரிய மாவட்டத்தில் மெல்ல அசையும் கோடு சிறிய மாவட்டத்தில் ஊஞ்சலாடும்.

அம்மா, தாங்கள் கவனிக்கவேண்டிய முதற் செய்தி இதுவே. வெட்டுப்புள்ளி என்பது முன்கூட்டியே கட்டிவைத்த மதிலன்று. கடைசியாக உள்ளே சென்ற பிள்ளை எங்கே நின்றாள் என்பதைக் காட்டும் காலடிச் சுவடு அது. இவ்வாண்டின் சுவடு எங்கே பதியுமென்று எவருக்கும் தெரியாது. கணக்கிடும் முறையிலேயே ஐயம் எழுந்த காலமும் உண்டு. 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் தோற்றியவர்களை ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணித்தமை வழக்காயிற்று. 2012இல் உயர் நீதிமன்றம் அவ்விரு தொகுதியினரையும் வேறுவேறாகக் கொண்டு மீளக் கணிக்குமாறு பணித்தது.

ஆகவே ஓராண்டின் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புக் கூறாதீர்கள். கடந்த ஐந்தாண்டுகளுக்கு உங்கள் மாவட்டத்தின் வெட்டுப்புள்ளிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். அவற்றுள் மிக உயர்ந்ததை மகளின் புள்ளி தாண்டுமாயின், அக்கற்கைநெறி பெரும்பாலும் கைக்குள் இருக்கின்றது. மிகத் தாழ்ந்ததற்கும் கீழே நிற்குமாயின், அதை நம்பியிருத்தல் ஆகாது. இரண்டுக்கும் இடையில் நின்றால், எல்லையில் நிற்கிறாள். நம்பவும் வேண்டாம், கைவிடவும் வேண்டாம். இவ்வாறு ஒவ்வொரு கற்கைநெறியையும் மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெறுபேற்றில் இசட் புள்ளியுடன் மாவட்ட நிலையும் அகில இலங்கை நிலையும் தரப்படுகின்றன. மாவட்டத்தில் எத்தனையாவது என்ற எண்ணையும், முன்னைய ஆண்டுகளில் அங்கிருந்து தெரிவானோர் தொகையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வகுப்பு ஆசிரியரின் உறுதிமொழியைவிட அவ்விரு எண்களும் நேர்மையாகப் பேசும்.

இனி விண்ணப்பப் படிவம். எமது அயலிலே முன்னொரு காலத்தில் கெட்டிக்காரப் பிள்ளை ஒருவன் இருந்தான். "உனக்கு இடம் கையில் இருக்கிறது" என்று எல்லோரும் சொன்னார்கள். அவனும் நம்பி, படிவத்தில் இரண்டே கற்கைநெறிகளைக் குறித்தான். இரண்டும் மயிரிழையிற் தவறின. அவனைவிடக் குறைந்த புள்ளி பெற்ற தோழன் ஒரு டசினுக்கு மேற் குறித்திருந்தான். ஏழாவதாகக் குறித்ததற்குத் தெரிவாகி, பேராதனைக்குப் புறப்பட்டுப் போனான். கெட்டிக்காரன் புகையிரத நிலையத்துக்கு வந்து அவனுடைய பெட்டியைத் தூக்கி ஏற்றிவிட்டதை இன்றும் நாம் மறக்கவில்லை.

விருப்பு ஒழுங்கைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. எட்டாததை முதலில் எழுதினால் எட்டுவதும் போய்விடும் என அஞ்சுவர். அது அவ்வாறன்று. மாணவர் குறித்தவற்றுள், அவருடைய புள்ளி போதுமானதாயுள்ள மிக மேலான விருப்புக்கே அவர் தெரிவு செய்யப்படுகின்றார். மருத்துவத்தை முதலில் எழுதி அது தவறினாலும், ஐந்தாவதாகக் குறித்த கற்கைநெறியில் அவருடைய உரிமை சிறிதும் குறையாது. எனவே ஒழுங்கை வாய்ப்பைப் பார்த்து எழுதாதீர்கள்; மனத்தைப் பார்த்து எழுதுங்கள். வாய்ப்பைப் பார்க்கவேண்டிய இடம், பட்டியலின் நீளம். எல்லையில் உள்ளவற்றுக்குக் கீழே, கைக்குள் உள்ளவை சிலவேனும் நிச்சயம் இருத்தல் வேண்டும். பல் மருத்துவம், மிருக வைத்தியம், மருந்தகவியல், தாதியியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், விவசாயம் எல்லாம் உயிரியல் பயின்ற பிள்ளைக்குத் திறந்துள்ள கதவுகளே. எதை எழுதினாலும், கிடைத்தால் உண்மையாகவே செல்வேன் என்று பிள்ளை சொல்லக்கூடியதாய் இருக்கட்டும்.

தங்கள் கணவரின் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் காரணமின்றிப் பேசவில்லை. 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மொழிவாரியாக வெவ்வேறு புள்ளி எல்லைகள் வகுக்கப்பட்டதும், பின்னர் தரப்படுத்தல் வந்ததும், 1974இல் மாவட்டப் பங்கீடு புகுந்ததும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஆறாத புண்ணாயின. அக்காலத்தில் இடமிழந்தோர் நம் வீடுகளில் இன்றும் இருக்கின்றனர். அவர்களுடைய துயரத்தைச் சிறிதென நாம் கூறமாட்டோம். ஆயினும் அன்று நடந்ததைக் கொண்டு இன்று பிள்ளையின் வாய்ப்பை அளக்க முடியாது. அன்று யாழ்ப்பாணத்து மாணவரை வருத்திய அதே மாவட்டப் பங்கீடு, இன்று மன்னாரிலிருந்து எழுதும் பிள்ளைக்கு ஒரு பிடியாகவும் இருக்கின்றது. தந்தையார் தம் நினைவுகளை மகளுக்குச் சொல்லட்டும். அத்துடன் மேற்சொன்ன தாளையும் ஒருமுறை வாசிக்கட்டும்.

இறுதியாக வீட்டு உறுதி. தெரிவு முடிவு வெளிவருமுன் எதனையும் ஈடு வைக்காதீர்கள். நம் அரச பல்கலைக்கழகங்களில் முதற் பட்டம் இலவசமாகவே கற்பிக்கப்படுகின்றது. 1945இல் வித்திட்ட இலவசக் கல்வியின் பயன் அது. முதல் முடிவில் தவறியோருக்கும், சேராது விட்டோரின் வெற்றிடங்கள் நிரப்பப்படுகையில் அழைப்பு வருவதுண்டு. இதற்கிடையில் மறுமுறை எழுதுவதையும் எண்ணலாம். பல்கலைக்கழக நுழைவுக்கு மூன்று தடவை வரை தோற்ற இடமுண்டு. ஆனால் ஒரு தடவையின் பாடத்தையும் மற்றத் தடவையின் பாடத்தையும் கலந்து புள்ளி காண முடியாது. எனவே மூன்று பாடங்களையும் மீண்டும் சுமக்கும் மனமும் உடல்நலமும் மகளுக்கு உண்டா என்று அவளிடமே கேளுங்கள். தமையனாரின் யோசனையைப் பொறுத்தவரை, அங்கே பெறும் பட்டம் இலங்கை மருத்துவ சபையால் ஏற்கப்படுவதா, திரும்பி வந்தபின் எழுதவேண்டிய பரீட்சை யாது என்பவற்றை முதலில் விசாரிக்க வேண்டும். வாக்களிக்கும் தரகரிடம் விசாரிப்பது விசாரணையாகாது.

மகளுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளாய், நான்கு தசம தானங்கள் கொண்ட ஓர் எண் உன்னை வரிசையில் நிறுத்தியிருக்கின்றது. அவ்வெண் அறிந்தது மூன்று பாடங்களில் நீ எழுதிய விடைகளை மட்டுமே. நோயாளியின் அருகில் பொறுமையாக இருக்கத் தெரிந்தவளா, தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவளா என்பதொன்றும் அதற்குத் தெரியாது. இடம் கிடைத்தால் மகிழ்ச்சியோடு போ. கிடைக்காவிடில், நீயே உன் கையால் எழுதிய பட்டியலில் அடுத்து நிற்பதை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்.

அம்மா, இன்றிரவே மேசையைத் துடைத்து, ஒரு தாளை எடுத்து, தகப்பனாரையும் மகளையும் அருகில் இருத்தி, அந்த ஐந்தாண்டு எண்களை எழுதத் தொடங்குங்கள். முடிவு எதுவாயினும் எமக்கும் ஒரு வரி எழுதுங்கள்; காத்திருப்போம்.