கப்பலேறிய ஒரு பெண்ணின் ஊர்: ஆவணக் காப்பக ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு ஆவணக் காப்பக ஆணையர் அவர்கள் சமூகத்திற்கு,

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16-ஆம் தேதி டர்பனை அடைந்தது முதல், 1911-இல் ஆளனுப்புவது நிறுத்தப்பட்டது வரை, ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர் என்பதும், அவர்களுள் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள் என்பதும் தாங்கள் அறிந்தவையே. அவர்களுள் ஒருவர் என் பாட்டனாரின் தமையனார்.

தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின் ஒரு தரகனோடு பட்டணம் போனவர் திரும்பவில்லை என்ற பேச்சும், ஏற்றம் இறைக்கையில் துலா தாக்கி அவருடைய இடப்புருவம் பிளந்ததென்ற கதையுமே எங்கள் வீட்டில் எஞ்சியிருந்தன. நேட்டால் அரசாங்கம் கப்பல்வாரியாக எழுதிவைத்த பேரேட்டிலோ, இலக்கம், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று வரிசையாகச் சென்று, அங்க அடையாளம் என்ற கட்டத்தில், இடப்புருவத்துத் தழும்பு என்றே யாரோ ஒரு குமாஸ்தா குறித்திருக்கிறார். அதைக் கண்ட பின் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

அடுத்த இலக்கத்தில், எங்கள் குடும்பத்தார் எவரும் கேள்விப்பட்டிராத ஒரு பெண் அவருடைய மனைவியெனப் பதியப்பட்டிருக்கிறாள். ஐந்தாண்டு ஒப்பந்தம், ஆணுக்கு முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. அந்தப் பாதிக் கூலிக்குக் கரும்புக் காட்டில் உழைத்து ஒரு வம்சத்தையே வளர்த்த அவளுக்கு, வட ஆற்காடு ஜில்லா, வாலாஜா தாலுகா என்பதற்குமேல் பூர்விகம் சொல்ல இன்று யாருமில்லை. ஊரின் பெயர் அன்னியர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டுச் சிதைந்துபோயிற்று. கடைசியிலுள்ள 'பாக்கம்' ஒன்றே தெளிவு. அத்தாலுகாவில் பாக்கங்களுக்கோ பஞ்சமில்லை. ஜில்லாவும் பழைய ஜில்லாவாக இல்லை; 1911-இல் சித்தூர் தனியாயிற்று, 1989-இல் எஞ்சியது இரண்டாயிற்று, 2019-இல் வேலூர் மூன்றாகி, வாலாஜா ராணிப்பேட்டை மாவட்டத்தில் சேர்ந்தது. டர்பனிலிருக்கும் அவளுடைய சந்ததியார், அந்த ஊர் மண்ணை ஒருமுறையேனும் மிதித்துவிட வேண்டுமென்று எனக்கு எழுதிக்கொண்டேயிருக்கிறார்கள்.

கடல் கடந்த பேரேடு தன் கடமையைச் செய்துவிட்டது. மிச்சமுள்ள பாதி எழும்பூரில் இருக்கிறது. தங்கள் காப்பிலுள்ள செட்டில்மெண்ட் பதிவேடுகளையும் பழைய ஜனக்கணக்குக் கிராம அட்டவணைகளையும் ஒப்புநோக்கி, ஒவ்வொரு கிராமத்துக்கும் அன்றைய பெயர், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பல உருவங்கள், இன்றைய வட்டம் ஆகியவற்றைக் காட்டும் ஒரு பொருத்த அட்டவணையைத் தயாரித்து, தென்னாப்பிரிக்காவிலும் மொரீஷியஸிலும் பீஜியிலும் இருந்து தேடி வருகிறவர்கள் கட்டணமின்றிப் பார்க்கும்படி வெளியிட வேண்டுமென்று மிகுந்த பணிவோடும் அதே அளவு உரிமையோடும் வேண்டிக்கொள்கிறேன். தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே சமயத்தில் இயலாதென்றால், வாலாஜா தாலுகாவிலிருந்து தொடங்குங்கள்.

இங்ஙனம்,
தங்கள் வாசகசாலையில் படிக்கும் ஒருவன்