1800 எண்: யாருக்கு இலவசம், யாருக்குச் செலவு?

நமது கடைத்தெருக்களில் இப்போது எண்களும் ஒரு சரக்காக விற்பனைக்கு வருகின்றன. "உங்கள் கடைக்கு ஒரு 1800 எண் எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் காசில்லாமல் பேசலாம். பெரிய கம்பெனிக்கு உள்ள மதிப்பு உங்களுக்கும் வரும்" என்று சொல்லி விற்கிறார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எடை போடாமல் எந்தச் சரக்கையும் வாங்காத நாம், இதையும் எடை போட்டே பார்க்க வேண்டும்.

நமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தெருமுனை மளிகைக் கடைக்கு 1800 எண் தேவையில்லை. வீட்டுக்கு அறவே தேவையில்லை. வெளியூர் ஆர்டர் நிறைய உள்ள மொத்த வியாபாரிகளில் சிலருக்கு அது பயன்படும். ஆனால் எடுப்போரும் எடுக்காதோரும் இந்த எண்களின் குணத்தைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம். தெரியாததால் பணத்தை இழப்பவர்கள் வியாபாரிகளிலும் உண்டு.

இலவசம் என்றால் என்ன?

கட்டணமில்லாத் தொலைபேசி என்று ஒன்று உலகில் கிடையாது. கட்டணம் உண்டு, அதை அழைப்பவர் செலுத்துவதில்லை, அழைக்கப்படுபவர் செலுத்துகிறார். அவ்வளவே வித்தியாசம். அமெரிக்காவில் 1967இல் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் 800 என்று தொடங்கும் எண்களை அறிமுகப்படுத்தியது. தூரத்துக்கு ஏற்ப ட்ரங்க் கால் கட்டணம் ஏறிய காலம் அது. வேறு மாநிலத்து வாடிக்கையாளர் செலவுக்கு அஞ்சி அழைக்காமல் இருந்துவிடுவார் என்பதால், ஹோட்டல்களும் விமானக் கம்பெனிகளும் அச்செலவைத் தாமே ஏற்றுக்கொண்டன. எண்கள் போதாமல் 1996இல் 888 வரிசையைத் திறக்க வேண்டி வந்தது என்றால் அங்கு அதற்கு இருந்த கிராக்கியைப் புரிந்துகொள்ளலாம்.

நம் நாட்டில் இவ்வகை எண்கள் முன்பு 1600 என்று தொடங்கின. பிறகு 1800 ஆயின. இவற்றோடு 1860 என்று தொடங்கும் எண்களும் உண்டு. இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 1800க்கு அழைப்பவருக்குச் செலவில்லை. 1860க்கு அழைப்பவரும் கட்டணம் செலுத்த வேண்டும். விசிட்டிங் கார்டில் 1860 எண்ணை அச்சிட்டு, அருகில் 'இலவசம்' என்று போடுவது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகிவிடும்.

அன்றிருந்த காரணம் இன்றில்லை

எஸ்.டி.டி. பூத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசிய காலம் நமக்கு நினைவிருக்கிறது. ஈரோட்டில் மஞ்சள் விலை என்ன, விருதுநகரில் வற்றல் வரத்து எப்படி என்று கேட்க, கட்டணம் குறையும் இரவு நேரம்வரை காத்திருந்தோம். அந்நாளில் 'நீங்கள் அழையுங்கள், செலவு எங்களுடையது' என்று ஒரு மண்டி சொல்லியிருந்தால் அது பெரிய சலுகை.

இன்று நிலைமை வேறு. செல்பேசிக்கு வரும் அழைப்புக்கு வாங்குபவரே கட்டணம் செலுத்தும் முறை 2003 மே மாதத்தோடு போயிற்று. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின், மாதக் கட்டணம் கட்டிவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்ற நிலை மற்ற நிறுவனங்களிலும் வந்தது. நாகர்கோவிலிலிருந்து சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் பேசினாலும் பக்கத்துத் தெருவுக்குப் பேசினாலும் வாடிக்கையாளருக்குத் தனிச் செலவு இல்லை. ஏற்கனவே செலவில்லாமல் பேசுகிறவருக்கு, நம் கைக்காசைப் போட்டு இலவசம் கொடுப்பதில் என்ன பொருள்? மழை பெய்யும்போது வயலுக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் பாய்ச்சுவது போன்றதே அது.

கணக்கைப் பார்ப்போம்

கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கணக்குக்காக நிமிடத்துக்கு ரூ.1, மாத வாடகை ரூ.500 என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 40 அழைப்புகள், ஒவ்வொன்றும் 3 நிமிடம் என்றால் 120 நிமிடம். மாதத்தில் 26 வேலை நாளுக்கு ரூ.3,120. வாடகையும் சேர்த்து ரூ.3,620. ஆண்டுக்கு ரூ.43,440.

ரூபாய்க்கு 3 பைசா நிற்கும் மொத்த வியாபாரத்தில் இந்தத் தொகையை ஈட்ட ரூ.14,48,000க்குக் கூடுதலாக விற்க வேண்டும். அந்த எண் அவ்வளவு புது வியாபாரத்தைக் கொண்டுவருமா என்பதே கேள்வி. இதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு; மேற்படி கணக்கில் அது ரூ.7,819. வழக்கமான முறையில் வரி கட்டுவோர் அதை வரவு வைத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ள சிறு வியாபாரிக்கு அது முழுச் செலவு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "வணக்கம், தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்" என்று பதிவு செய்த குரல் பேசத் தொடங்கிய உடனேயே மீட்டர் ஓடத் தொடங்கிவிடும். ஒவ்வொரு அழைப்பிலும் அரை நிமிடம் அதற்கே போனால் ஆண்டுக்கு 6,240 நிமிடம். நம் கணக்குப்படி ரூ.6,240 வெறும் வரவேற்புக்கு மட்டும் செலவாகிறது. தவறான எண்ணுக்கு வரும் அழைப்புக்கும், பொழுதுபோகாமல் விலை விசாரிப்பவரின் அழைப்புக்கும் பணம் கட்டப்போவது நாமே.

யாருக்குப் பயன்?

அப்படியானால் இதில் பயனே இல்லையா? உண்டு. ஆனால் அந்தப் பயன் இலவசத்தில் இல்லை. ஒரே எண் என்பதில் இருக்கிறது.

பத்து மாவட்டங்களுக்குச் சரக்கு அனுப்பும் ஒரு பருப்பு மில்லையோ எண்ணெய் வியாபாரியையோ எடுத்துக்கொள்வோம். ஆர்டர் எடுப்பவர் ஒருவர், லாரி விவரம் சொல்பவர் ஒருவர், பாக்கி கேட்பவர் ஒருவர். மூவரும் தத்தம் சொந்தச் செல்பேசியில் பேசுகிறார்கள். அவர்களில் ஒருவர் வேலையை விட்டு விலகி எதிர்க்கடையில் சேர்ந்தால் என்ன ஆகும்? நாம் இருபது ஆண்டு பாடுபட்டுச் சேர்த்த வாடிக்கையாளரின் எண்கள் அவர் சட்டைப் பையில் போய்விடும். ஒரே எண்ணுக்கு அழைப்பு வந்து, அங்கிருந்து ஆளுக்கேற்பப் பிரிந்து போனால் இந்த ஆபத்து இல்லை. எத்தனை அழைப்பு வந்தது, எத்தனை எடுக்கப்படவில்லை என்ற பட்டியலும் முதலாளிக்குக் கிடைக்கும்.

ஆனால் இதற்கு 1800தான் வேண்டும் என்பதில்லை. கடையின் பெயரில் வாங்கிய ஒரு சாதாரண எண்ணே போதும். பல இடங்களுக்கு அழைப்பைப் பிரித்தனுப்பும் வசதி சாதாரண எண்ணுக்கும் கிடைக்கிறது. சிறு மளிகைக் கடைக்கு அதுவும் வேண்டாம். கடைக்கென்று தனியாக ஒரு செல்பேசி, கடை உரிமையாளர் பெயரில் ஒரு சிம், அது எப்போதும் கல்லாவை விட்டு நகராது என்ற கட்டுப்பாடு. இவ்வளவு போதும். மகன் கல்லூரிக்குப் போகும்போது கடையின் எண்ணும் கூடவே போய்விடும் கடைகள் எத்தனை என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்குச் சரக்கு அனுப்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. நம் நாட்டு 1800 எண்ணைப் பொதுவாக வெளிநாட்டிலிருந்து அழைக்க இயலாது. அந்த எண்ணை மட்டும் லெட்டர்ஹெட்டில் போட்டால் அயல்நாட்டு ஆர்டர் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

எடுப்பதானால் கேட்க வேண்டியவை

தேவை உண்டு என்று முடிவு செய்த உறுப்பினர்கள் கையெழுத்துப் போடுமுன் கீழ்க்கண்டவற்றை எழுத்து மூலமாகப் பெற்றுக்கொள்வது நல்லது.

1. எண் யார் பெயரில் பதிவாகிறது? நம் கடையின் பெயரிலா, இடையில் விற்பவர் பெயரிலா? இடைத்தரகர் பெயரில் இருந்தால், அவரோடு மனத்தாங்கல் வந்த அன்று எண்ணும் போய்விடும்.

2. நிறுவனத்தை மாற்றினால் எண்ணைக் கொண்டுபோக முடியுமா? செல்பேசிக்கு அந்த வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தது. அது 1800 எண்ணுக்கும் தானாகவே பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

3. கட்டணம் நிமிடக் கணக்கா, விநாடிக் கணக்கா? நிமிடக் கணக்கில் 61 விநாடி பேசினால் 2 நிமிடக் கட்டணம் விழும்.

4. ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசலாம்? இரண்டு பேர்தான் பேச முடியும் என்றால் பண்டிகை நேரத்தில் மூன்றாமவருக்கு 'எங்கேஜ்' ஒலிதான் கேட்கும்.

5. முன்பணம் கட்டிய திட்டமானால், பணம் தீர்ந்தவுடன் எண் மௌனமாகிவிடுமா? முன்னறிவிப்பு உண்டா?

ஃபேன்ஸி எண்ணுக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். ராசி பார்ப்பது அவரவர் விருப்பம். வியாபாரத்துக்கு வேண்டியது, ஒருமுறை சொன்னால் மனத்தில் நிற்கும் எண். சந்தை இரைச்சலில் 'ஃபைவ்' என்பதும் 'நைன்' என்பதும் ஒன்றுபோலக் கேட்கும். அவ்விரண்டும் குறைவாக உள்ள எண்ணைத் தேர்ந்தெடுப்பது, கூட்டுத்தொகை பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

1800 என்றாலே நம்பிவிடலாமா?

இனிச் சொல்லப்போவது எண் எடுக்காதோருக்கும் உரியது. கடையில் கியூ.ஆர். அட்டைக்குப் பணம் வந்ததா என்று அறிவிக்கும் சவுண்ட் பாக்ஸ் பேசவில்லை. அவசரத்தில் இணையத்தில் அந்தக் கம்பெனியின் எண்ணைத் தேடுகிறோம். முதலில் தெரியும் எண்ணுக்கு அழைக்கிறோம். எதிர்முனையில் இருப்பவன் மிகுந்த மரியாதையோடு பேசி, ஒரு செயலியை இறக்கச் சொல்கிறான். திரையில் தெரிவதை அவனும் பார்க்கும்படி செய்துகொள்கிறான். அன்றைய வசூல் மட்டுமல்ல, கணக்கில் உள்ள பணம் முழுவதும் போகிறது. இந்த மோசடிக்கு ஆளாவோரில் படித்தவர்களும் உண்டு.

இதில் ஒரு தந்திரத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். 11 இலக்கம் உள்ள 1800 எண்ணில் முதல் 1ஐ நீக்கிவிட்டால், மீதி 800 என்று தொடங்கும் 10 இலக்கம் ஒரு சாதாரணச் செல்பேசி எண்ணைப் போலவே இருக்கும். அத்தகைய எண்ணை வாங்கி, அதற்கு வங்கியின் பெயரைச் சூட்டிக்கொண்டு அழைக்கிறார்கள். திரையில் வங்கியின் பெயர் தெரிகிறதே என்று நாம் நம்பிவிடுகிறோம்.

1800 எண் நாம் அழைப்பதற்கானது. அந்த எண்ணிலிருந்து நமக்கு அழைப்பு வந்து, ரகசிய எண்ணோ ஓ.டி.பி.யோ கேட்டால் உடனே துண்டித்துவிட வேண்டும். வங்கிகள் முதலியவை வாடிக்கையாளரை அழைப்பதற்கென்றே 1600 வரிசையை மத்திய தொலைத்தொடர்புத் துறை 2024இல் ஒதுக்கியது. விளம்பர அழைப்புகளுக்கு 140 வரிசை. எந்த வரிசையிலிருந்து வந்தாலும் ஓ.டி.பி. சொல்வதற்கில்லை. வங்கியின் எண் வேண்டுமானால் பாஸ்புக்கிலும் கார்டின் பின்புறத்திலும் இருக்கிறது. அதை ஓர் அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு மேல் ஒட்டி வைப்பது ஐந்து நிமிட வேலை. பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு அந்த நிமிடமே அழைக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் வரை காத்திருந்தால் பணம் பல கணக்குகள் தாண்டிப் போயிருக்கும்.

கம்பெனிகளிடம் நாம் கேட்பது

நம் கடை அலமாரியில் உள்ள பாக்கெட்டுகளை எடுத்துப் பாருங்கள். புகாருக்கு என்று ஒரு தொலைபேசி எண் அச்சிடப்பட்டிருக்கும். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள்படி பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவை இருந்தாக வேண்டும். ஆனால் பிஸ்கட் நமுத்துப் போயிருந்தால் வாடிக்கையாளர் அந்த எண்ணுக்கா அழைக்கிறார்? நம்மிடம்தான் வருகிறார். நாமும் முகம் கோணாமல் மாற்றிக் கொடுக்கிறோம். அந்தப் பாக்கெட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி நாம் அழைத்தால், சேல்ஸ்மேன் வரும்போது சொல்லுங்கள் என்கிறார்கள். சேல்ஸ்மேனோ அடுத்த வாரம் என்கிறார். சரக்கு காலாவதியாகி நம் தலையில் விடிகிறது.

நுகர்வோருக்கு ஓர் எண் வைத்திருக்கும் கம்பெனிகள், தம் சரக்கை விற்றுக் கொடுக்கும் கடைக்காரருக்கும் ஓர் எண் வைக்கட்டும். அதில் தமிழில் பேசும் ஆள் இருக்கட்டும். புகாருக்கு ஒரு வரிசை எண்ணும், தீர்க்கும் நாளும் தரப்படட்டும். இலவசம் கொடுப்பதானால் அவர்கள் நமக்குக் கொடுக்கட்டும். இதை ஒரு தீர்மானமாகவே நமது சங்கம் நிறைவேற்றி, விநியோகஸ்தர்கள் வழியாகக் கம்பெனிகளுக்கு அனுப்ப வேண்டும் என்பது நமது வேண்டுகோள்.

அதே நேரத்தில் நம் பக்கமும் சரியாக இருக்க வேண்டும். சொந்தமாக மசாலாப் பொடி, பருப்பு, அப்பளம் பொட்டலமிட்டு விற்கும் உறுப்பினர்களுக்கும் அந்த விதி பொருந்தும். லேபிளில் போடும் எண் உயிரோடு இருக்க வேண்டும். அழைத்தால் ஒருவர் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் வாடிக்கையாளர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குத் தமிழிலேயே புகார் சொல்லிவிடுவார்.

எண் எதுவாக இருந்தாலும், மணி அடித்தால் எடுத்து, "சொல்லுங்க அண்ணாச்சி" என்று மரியாதையாகப் பதில் சொல்லும் கடைக்கே வாடிக்கையாளர் மறுபடி அழைப்பார். அந்தப் பழக்கம் இல்லாத கடைக்கு 1800 எண் வாங்கிக் கொடுத்தாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை.