நெஞ்செரிச்சல் இல்லை, பிறகு ஏன் மறுபடியும் ஸ்கோப்பி?

அக்கலேசியா வந்தவருக்கு விழுங்கிய சோறு வயிற்றுக்குப் போகாது, நெஞ்சுக்குழியிலேயே நிற்கும். ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்து, எழுந்து நின்று, மார்பை நிமிர்த்திக் கீழே தள்ளப் பார்ப்பார். படுத்தால் மத்தியானம் தின்றது ராத்திரி தலையணைக்கு வந்துவிடும். கூடவே இருமலும் உடம்பு இளைப்பும். டி.பி.யாக இருக்குமோ என்று சளியைச் சோதிப்பார்கள், புற்றுநோயோ என்று வீட்டில் அஞ்சுவார்கள். இரண்டும் இல்லையென்றால் 'கேஸ் ட்ரபிள்' என்று வருஷக்கணக்கில் மாத்திரை ஓடும். ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் இந்த நோய் புதிதாக வருகிறது. அதனால் முதலில் பார்க்கும் டாக்டருக்கு இது நினைவுக்கு வராமல் போவதில் வியப்பில்லை.

இப்போது இவர்களில் பலருக்கு, வயிற்றைக் கிழிக்காமல் வாய் வழியே குழாய் விட்டுச் செய்யும் சிகிச்சை கிடைக்கிறது. போயம் என்பது அதன் சுருக்கப் பெயர். சில நாளில் கஞ்சி இறங்குகிறது, அப்புறம் சோறு, அப்புறம் சப்பாத்திகூட. சில மாதம் கழித்து சிலருக்குப் புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் தொடங்கும்போது, "ஆபரேஷன் ஃபெயில் ஆயிடுச்சா?" என்று வீட்டார் பதறுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. இதைவிட நான் கவலைப்படுவது, எரிச்சலே இல்லாமல் நிம்மதியாக இருப்பவர்களைப் பற்றித்தான். அதற்கான காரணத்தைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

உணவுக்குழாயின் அடியில், வயிற்றோடு சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது அது தளர்ந்து வழிவிடும். மற்ற நேரத்தில் இறுக மூடி, வயிற்று அமிலம் மேலே ஏறாமல் காக்கும். அக்கலேசியாவில் அந்த வளையத்தைத் தளர்த்தும் நரம்பணுக்கள் அழிந்துபோகின்றன. புதுச்சேரியின் ஊசுடு ஏரி மதகு துருவேறி இறங்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டால் எப்படியோ, அப்படி. திருகித் திறக்க முடியாத மதகுப் பலகையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அறுத்தபின் தண்ணீர் ஓடும், ஆனால் தேவைப்படும்போது மூட முடியாது. போயம் செய்வதும் இதைத்தான். உணவுக்குழாயின் உள்தோலில் சிறு கீறல் போட்டு, தோலுக்கும் தசைக்கும் நடுவே சுரங்கம்போல வழி செய்து, வளையத் தசையை வயிற்றுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை அறுத்துவிட்டு, கீறலைக் கிளிப் போட்டு மூடுகிறார்கள். சோறு இறங்குவதும் அமிலம் ஏறுவதும் அந்த ஒரே அறுப்பின் இரண்டு விளைவுகள்.

இந்த வழிக்கு வந்துசேர மருத்துவம் நெடுந்தூரம் நடந்திருக்கிறது. 1674-இல் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ், திமிங்கில எலும்புக் குச்சியின் நுனியில் பஞ்சு கட்டி, அதைக் கொண்டு ஒரு நோயாளி தன் உணவைத் தானே வயிற்றுக்குள் தள்ளிப் பல ஆண்டுகள் வாழ்ந்ததை எழுதிவைத்தார். 1913-இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஹெல்லர் வயிற்றைத் திறந்து அந்தத் தசையை அறுத்தார். இன்றும் லேப்ராஸ்கோப்பியில் நடப்பது அவர் பெயரிலான அறுவைதான். 2007-இல் இந்திய வம்சாவளி டாக்டர் பங்கஜ் பஸ்ரிச்சாவின் குழு, எண்டோஸ்கோப்பி வழியே இதைச் செய்ய முடியும் என்று பன்றிகளில் காட்டியது. 2008-இல் ஜப்பானில் ஹருஹிரோ இனோவே முதல்முறையாக மனிதர்களுக்குச் செய்தார். இந்தியாவில் இதை மிகுதியாகச் செய்து, முடிவுகளையும் வெளியிட்ட இடங்களில் முன்னணியில் இருப்பது டாக்டர் நாகேஸ்வர ரெட்டியின் ஹைதராபாத் ஏ.ஐ.ஜி. மருத்துவமனை.

லேப்ராஸ்கோப்பி அறுவையில் தசையை அறுத்த கையோடு வயிற்றின் மேல்மடிப்பைக் கொஞ்சம் இழுத்து, அறுத்த இடத்தின்மேல் போர்த்தித் தைத்துவிடுவார்கள். ஏறி வரும் அமிலத்துக்கு அது ஓரளவு தடை. வழக்கமான போயத்தில் அந்தத் தையல் இல்லை. இதனால் வரும் வேறுபாட்டை 2019-இல் வெளிவந்த ஓர் ஐரோப்பிய ஆய்வு நன்றாகக் காட்டுகிறது. 221 நோயாளிகளில் ஒரு பாதிக்குப் போயம், மறு பாதிக்கு லேப்ராஸ்கோப்பி. இரண்டு ஆண்டு கழித்து விழுங்குவதில் பலன் கண்டவர்கள் முறையே 83, 81.7 சதவீதம், அதில் இரண்டும் சமம்தான். ஆனால் மூன்றாம் மாத ஸ்கோப்பியில் அமிலப் புண் இருந்தது போயம் செய்தவர்களில் 57 சதவீதம் பேருக்கு, லேப்ராஸ்கோப்பி செய்தவர்களில் 20 சதவீதம் பேருக்கு. இரண்டு ஆண்டில் அது 44-க்கு 29 ஆனது. அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு போயத்தை, பலூனால் வளையத்தை விரிக்கும் சிகிச்சையோடு ஒப்பிட்டது. போயத்தில் 92 சதவீதம் பேரும் பலூனில் 54 சதவீதம் பேரும் பலன் பெற்றார்கள். புண் வந்தது 41-க்கு 7. ஏ.ஐ.ஜி. குழு 408 நோயாளிகளைப் பற்றி 2017-இல் எழுதியதில் எண்கள் இதைவிடக் குறைவு: ஸ்கோப்பியில் புண் 18.5 சதவீதம், அமில அளவுச் சோதனையில் ஏற்றம் தெரிந்தது 28 சதவீதம்.

இந்த எண்களைப் பார்த்துப் போயமே வேண்டாம் என்று ஓடுவது தவறு. பெரும்பாலான புண்கள் லேசானவை, மாத்திரைக்கு அடங்குபவை. சோறு இறங்காமல் எலும்பும் தோலுமாகப் போவதோடு ஒப்பிட்டால் இது சமாளிக்கக்கூடிய தொல்லை. ஏற்கனவே பெரிய ஹையாட்டஸ் ஹெர்னியா (வயிற்றின் மேல்பகுதி மார்புக்குள் ஏறியிருப்பது) உள்ளவர்கள், வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட விரும்பாதவர்கள் லேப்ராஸ்கோப்பியைப் பற்றியும் டாக்டரிடம் கேட்கலாம், கேட்க வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அது.

இனி, எரிச்சல் இல்லாதவர்களைப் பற்றி. அக்கலேசியாவில் உணவுக்குழாயின் உணர்ச்சியே மங்கிப்போவது உண்டு. மற்றவர்களைத் துடிக்க வைக்கும் அமிலம் இவர்களுக்கு உறைக்காமல் போகலாம். இன்னொன்று, ஆரோக்கியமான உணவுக்குழாய் மேலே வந்த அமிலத்தை ஓர் அலை எழுப்பி மறுபடி வயிற்றுக்குத் தள்ளிவிடும். இவர்களுக்கு அந்த அலை போயத்துக்குப் பிறகும் பெரும்பாலும் திரும்புவதில்லை. ஏறிய அமிலம் அங்கேயே தங்குகிறது, அதுவும் படுத்திருக்கும்போது. நாள்பட்டால் புண் ஆழமாகி, ஆறும்போது தழும்பு சுருங்கி, குழாய் மறுபடி அடைபடலாம். எரிச்சல் இல்லை என்பதால் அமிலம் ஏறவில்லை என்று சொல்ல முடியாது. மூன்றாம் மாதம் வா, ஸ்கோப்பி பார்க்கலாம் என்று சொல்லியிருந்தால், "இப்பதான் நல்லா சாப்பிடுறேனே" என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்தது மாத்திரை. பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் போன்றவை அமிலம் சுரக்கும் பம்புகளை அடைப்பவை. சாப்பாடு அந்தப் பம்புகளை எழுப்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் மருந்து உடம்பில் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'காலை வெறும் வயிற்றில்' என்று இருக்கும். சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கு அந்த வரியால் பயனில்லை. அவர் விடிகாலை வீடு வந்து, இருக்கிற பசிக்கு இட்லியைச் சாப்பிட்டு, கூடவே மாத்திரையையும் போட்டுக்கொண்டு, உடனே படுத்துவிடுவார். மருந்தும் வீண், படுக்கையும் கேடு. அவருடைய கணக்கு கடிகாரத்தோடு அல்ல, சாப்பாட்டோடு இருக்க வேண்டும். அவர் நாளின் முதல் பெரிய சாப்பாடு எதுவோ, அதற்கு அரை மணி முன்னால் மாத்திரை. வேலை முடிவதற்கு முந்தைய இடைவேளையிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, வீடு வந்து லேசாக ஏதாவது குடித்துப் படுப்பது நல்லது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் இருக்க வேண்டும். ஷிப்ட் மாறுகிறது என்பதை டாக்டரிடம் சொன்னால் அவரே நேரம் குறித்துத் தருவார். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது.

மாத்திரையைப் பொடித்துச் சாப்பிடும் பழக்கம் இந்த நோயாளிகள் பலருக்கு உண்டு. வருஷக்கணக்கில் முழு மாத்திரை இறங்காமல் பழகிய கை அது. ஆனால் பான்டோப்ரசோல் மாத்திரைமேல் இருக்கும் பூச்சு, மருந்தை வயிற்று அமிலத்திலிருந்து காப்பாற்றிக் குடலுக்குக் கொண்டுபோவதற்காகப் போடப்பட்டது. பொடித்தால் மருந்து வயிற்றிலேயே கெட்டுவிடும். முழுதாக விழுங்கப் பயமாக இருந்தால் கேப்சூலாக எழுதித் தரச் சொல்லலாம். அதைத் திறந்து உள்ளிருக்கும் குருணையைக் கூழில் போட்டு மெல்லாமல் விழுங்க வழியுண்டா என்று மருந்தாளரையே கேட்கலாம். ஜெலுசில் அப்போதைக்கு எரிச்சலைத் தணிக்கும், அவ்வளவுதான். அது இந்த மாத்திரைக்கு மாற்று ஆகாது. ரொம்ப நாள் சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று யாரோ சொன்னார்கள் என்று தாமாக நிறுத்துபவர்களும் உண்டு. நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு பி12, மெக்னீசியம் குறைவதும், அரிதாகச் சிறுநீரகப் பாதிப்பும் காணப்பட்டிருப்பது உண்மைதான். அதற்காகத்தான் இடையிடையே ரத்தப் பரிசோதனை. அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் ஸ்கோப்பி பார்த்த டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு.

படுக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. தலையணைமேல் தலையணை அடுக்கினால் கழுத்துதான் மடியும், வயிறு இன்னும் அமுங்கும். கட்டிலின் தலைப்பக்கக் கால்கள் இரண்டுக்கும் அடியில் செங்கல் வைத்து அரை அடி உயர்த்துவது சரி. பாயில் படுப்பவர்கள் இடுப்பிலிருந்து மேலே சரிவாக இருக்கும்படி பலகையோ கெட்டி மெத்தையோ போட்டுக்கொள்ளலாம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது உதவும். சாராயம், பீர், பீடி மூன்றும் இந்தக் குழாய்க்கு நேர் எதிரி. புதுச்சேரியில் மது எளிதாகக் கிடைப்பதால் இதை மழுப்பாமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்லாப் புளிப்பும் அமிலம் அல்ல. குழாயில் தேங்கிய சோறு புளித்தாலும் அதே சுவைதான் வாயில் வரும். சிகிச்சைக்கு முன் இவர்கள் வருஷக்கணக்கில் கேஸ் மாத்திரை சாப்பிட்டும் கேட்காமல் போனதற்கு அதுவே பெரும்பாலும் காரணம். போயத்துக்குப் பிறகும் மாத்திரைக்கு அடங்காத புளிப்போடு விழுங்குவதும் மறுபடி சிரமமானால், மாத்திரையின் அளவை நீங்களே கூட்டாதீர்கள். வளையம் போதிய அளவு திறந்திருக்கிறதா என்று பேரியம் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். ரத்த வாந்தி, தார் மாதிரி கறுத்த மலம், காரணமில்லாமல் எடை குறைதல், இவை வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே கிளம்ப வேண்டும்.

இதெல்லாம் நோயாளி தானாகத் தெரிந்துகொள்ள வேண்டியதல்ல, மருத்துவமனை எழுதிக் கொடுக்க வேண்டியது. இப்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருப்பதோ, மாத்திரை எட்டு வாரம், பிறகு ரிவ்யூ என்று ஆங்கிலச் சுருக்கெழுத்தில் ஒரு வரி; எட்டு வாரம் முடிந்ததும் மாத்திரை நின்றுவிடுகிறது, ரிவ்யூ மறந்துபோகிறது. சென்னைக்கோ வேலூருக்கோ போய்ச் செய்துகொண்டு ஊர் திரும்பியவர், அடுத்த சந்தேகத்துக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் போவார். அங்குள்ள டாக்டர் போயம் செய்த நோயாளியை அதற்குமுன் பார்த்திருக்கவே மாட்டார். செய்த சிகிச்சை என்ன, வாயிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் முதல் எத்தனை வரை தசை அறுக்கப்பட்டது, மாத்திரை எப்போது, எத்தனை மாதம், அடுத்த ஸ்கோப்பி எந்தத் தேதியில் என்று ஒரே பக்கத்தில் தமிழில் அச்சிட்டு, நோயாளி கையில் ஒன்றும் ஊர் டாக்டருக்கு ஒன்றுமாகக் கொடுத்தால் போதும்.