``இவங்க அப்பனும் லேட்டாத்தான் நடந்தான்!'' - கிராமத்துக் குழந்தைகள் இழக்கும் முதல் மூன்று வருடங்கள்

குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. இன்னும் உட்காரவில்லை. அம்மாவுக்கு மனது உறுத்துகிறது. மாமியாரிடம் சொன்னால், ``இவங்க அப்பனும் எல்லாம் லேட்டாத்தான் செஞ்சான். போகப் போகச் சரியாயிடும், பயப்படாத தாயி'' என்கிறார். அன்பாகச் சொல்வதுதான். ஆனால், அதை நம்பிக் காத்திருந்தே பல வீடுகளில் இரண்டு மூன்று வருடங்கள் ஓடிவிடுகின்றன.

முதல் மூன்று வருடங்களில் மூளை வளரும் வேகம் அதன்பிறகு வராது. பெருமூளை வாதம், காது கேளாமை, ஆட்டிசம் என எதுவாக இருந்தாலும் இந்த வயதில் தொடங்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம். குறை முழுதாக மறையாவிட்டாலும், தானே சாப்பிடவும் பேசவும் பள்ளிக்குப் போகவும் குழந்தைக்கு அது கைகொடுக்கும்.

திட்டம் இருக்கிறது... தூரமும் இருக்கிறது!

2013-ல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு வருடத்துக்கு இரண்டு முறை வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். குறை தெரிந்தால், மாவட்ட அளவில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். சிகிச்சை இலவசம்.

ஆனால், பயிற்சி ஒரு நாளில் முடிவதில்லை. மாதக்கணக்கில் தொடர வேண்டும். நடக்க முடியாத குழந்தையை இடுப்பில் சுமந்து இரண்டு பஸ் மாறிப் போனால், அன்றைய கூலி போச்சு. பள்ளியிலிருந்து வரும் மூத்த பிள்ளையை யார் பார்ப்பது? நாலைந்து முறை போய்வந்த அம்மா, ஒருநாள் நின்றுவிடுகிறார்.

வீட்டுக்கே வரும் பயிற்சி

இதற்கு ஒரு வழி காட்டியது தென்காசி மாவட்டம் ஆய்க்குடி. கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1981-ல் அங்கே `அமர் சேவா சங்கம்' தொடங்கினார். 2020-ல் அவருக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இங்கே பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் குழந்தையின் வீட்டுக்கே போகிறார்கள். சிகிச்சை நிபுணர்கள், செல்போன் செயலி மூலம் அவர்களுக்கு வழிகாட்டுகிறார்கள். குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் செய்ய வேண்டிய பயிற்சிகளை அம்மாவே கற்றுக்கொள்கிறார். பஸ்ஸும் இல்லை, கூலி இழப்பும் இல்லை. எல்லா ஊர்களுக்கும் வர வேண்டிய முறை இது!

எப்போது கவனிக்க வேண்டும்?

* 4 மாதமாகியும் தலை நிற்காவிட்டால்...

* 9 மாதமாகியும் பிடிமானமின்றி உட்காராவிட்டால்...

* ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாவிட்டால்...

* ஒன்றரை வயதாகியும் நடக்காவிட்டால், ஒரு வார்த்தைகூடப் பேசாவிட்டால்...

* எந்த வயதிலும், செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டால்...

உடனே கிராம சுகாதார செவிலியரிடமோ, அங்கன்வாடிப் பணியாளரிடமோ சொல்லுங்கள். ``டாக்டரிடம் அனுப்புங்கள்'' என்று தயங்காமல் கேளுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வரட்டும் என்று பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். மையம் தொலைவில் இருந்தால், வீட்டில் செய்யக்கூடிய பயிற்சிகளை முதல் நாளே கேட்டு, செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தால், பாட்டி சொன்னதே உண்மையாகிவிடும். நஷ்டம், ஒரு நாள் கூலி மட்டும்தான்!