நோய்ப்படுக்கையின் அருகே எந்த நூல்?

எங்கள் மருத்துவமனைக்கு நோயாளரைக் காண வருவோர் பலர் பழங்களோடு நூல்களையும் கொண்டுவருகின்றனர். தலையணையின் அடியில் சங்கீதப் புத்தகம், மேசையின்மேல் தியான நூல், கட்டிலின் ஓரத்தில் யாரோ தந்த சாட்சிக் கையேடு ஆகியவை எங்கள் கண்ணில் அன்றாடம் படுகின்றன. “ஆறுதலான கிறிஸ்தவ நூல் ஏதேனும் சொல்லுங்கள், டாக்டர்” என்று உடனிருப்போர் எங்களிடம் கேட்பதும் உண்டு. இங்கு நாங்கள் கூறவிருப்பது அந்தக் கேள்விக்கான எங்கள் விடை. நோயுற்றவருக்கு வேண்டியது அவர் அருகே அமரும் நூல். அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் நூலை, அதன் அட்டையில் எத்தனை இனிய தலைப்பு இருந்தாலும், வார்டுக்கு வெளியே வைப்பதே நல்லது.

இந்த வேறுபாட்டை வேதாகமமே நமக்குக் காட்டுகிறது. யோபுவைக் காண வந்த நண்பர்கள் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறவாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களே. பேசத் தொடங்கிய பின்னரே, அவர் செய்த பாவம் என்னவென்று தேடலாயினர். கதையின் முடிவில் கடவுள் கடிந்துகொள்வது அழுது புலம்பிய யோபுவின் நண்பர்களைத்தான். நோயாளருக்கென எழுதப்படும் நூல்களிலும் இந்த நண்பர்களின் குரல் அவ்வப்போது ஒலிக்கிறது.

திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் பணியாற்றிய ஏமி கார்மைக்கேல் அம்மையார் இதை அனுபவித்து அறிந்தவர். 1931இல் தவறி விழுந்து காயமுற்ற அவர், 1951இல் மறையும்வரை பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே வாழ நேர்ந்தது. நலமாயிருப்போர் நோயுற்றோருக்கு எழுதும் அறிவுரைகள் தம் உள்ளத்தைத் தொடவில்லை என்று அவர் உணர்ந்தார். ஆகவே நோயுற்றவர் ஒருவர் நோயுற்றோருக்கு எழுதும் மடல்களாகவே ஒரு நூலை எழுதி 1933இல் வெளியிட்டார். நூலைத் தேர்ந்தெடுப்போர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்து கிடைக்கிறது: இதை எழுதியவர் இந்த வழியில் நடந்திருக்கிறாரா?

இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியமானது. நலம் பெறாதவரை இந்த நூல் எப்படி நடத்துகிறது? போதிய விசுவாசம் இருந்தால் எந்த நோயும் நீங்கும் என்று கூறும் நூல்கள் உள்ளன. குணமாகாத நோயாளர் அவற்றை வாசித்தால், நோயின் சுமையோடு குற்ற உணர்வின் சுமையும் சேர்கிறது. சிலர் தம் விசுவாசத்தை மெய்ப்பிப்பதற்காக மருந்தையே நிறுத்திவிடுகின்றனர். காசநோய் மருந்தை இடையில் நிறுத்தினால் கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். வலிப்பு மாத்திரையையோ இன்சுலினையோ திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்து உண்பது அவிசுவாசம் அன்று. நற்செய்தி எழுதிய லூக்காவை மருத்துவர் என்றே திருச்சபை நினைவுகூர்கிறது.

இனி, நாங்கள் தயக்கமின்றிப் பரிந்துரைக்கும் நூல்கள் சில.

ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட நூல், தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களில் ‘மோட்சப் பிரயாணம்’ என்ற பெயரில் தலைமுறைகளாக வாசிக்கப்பட்டு வருகிறது. அதனைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ண பிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்தை இயற்றி 1894இல் வெளியிட்டார். பனியன் தம் விசுவாசத்தின் பொருட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்தவர். அவர் படைத்த பயணி அவநம்பிக்கைச் சேற்றில் விழுகிறான். விரக்தி என்னும் அரக்கனிடம் சிறைப்படுகிறான். கடைசி ஆற்றைக் கடக்கையில் மூழ்கிவிடுவோமோ என்று நடுங்குகிறான். உடன் வரும் தோழனே அவன் தலையைத் தண்ணீருக்குமேல் தாங்கிப் பிடிக்கிறான். அஞ்சியவனும் கரை சேர்கிறான். அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவில் பயந்து, பயந்ததற்காக வெட்கப்படுவோர் வாசிக்க வேண்டிய பகுதி இது.

சி. எஸ். லூயிஸ் துன்பத்தைப் பற்றி இரு நூல்கள் எழுதினார். 1940இல் வந்தது, வலி ஏன் இருக்கிறது என்பதை அறிவு வழியில் ஆராய்கிறது. அவருடைய மனைவி புற்றுநோயால் 1960இல் மறைந்தார். அந்தத் துயரில் எழுதிய குறிப்புகளை மறு ஆண்டு புனைபெயரில் வெளியிட்டார். அதில் விளக்கங்கள் உடைகின்றன, கடவுளிடம் கோபம் எழுகிறது, மெல்ல ஓர் அமைதி திரும்புகிறது. அன்பானவரை இழந்தோர்க்கு நாங்கள் தருவது இந்த இரண்டாம் நூலையே. முதல் நூலை நலமாயிருக்கும் நாளில் வாசிக்கலாம்.

மருத்துவர் பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்து, வேலூரில் தொழுநோயாளருக்கு அறுவை சிகிச்சை செய்தவர். தொழுநோயாளர் விரல்களை இழப்பதற்குப் பெருங்காரணம் உணர்ச்சி மரத்துப்போவதே என்பதை அவர் கண்டறிந்தார்: சுடுவதும் குத்துவதும் தெரியாமையால் காயம் முற்றுகிறது. வலி யாரும் விரும்பாத கொடை என்னும் கருத்தில் பிலிப் யான்சியோடு சேர்ந்து அவர் எழுதிய நூல் 1993இல் வந்தது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனோர், ஒவ்வோர் இரவும் கால்களைப் பார்க்கும்படி நாங்கள் வற்புறுத்துவது ஏன் என்பதை இந்நூலில் கதைபோல் அறியலாம்.

அதே வேலூரில் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்; மறுவாழ்வு மருத்துவம் பயின்று, அத்துறையை வேலூரில் வளர்த்தார். டாரதி கிளார்க் வில்சன் எழுதிய அவரது வரலாறு 1963இல் வெளிவந்தது. அவருக்கு நடக்கும் ஆற்றல் திரும்பவில்லை என்பதை அது மறைக்கவில்லை. ஆகவேதான் அந்நூல் கூறும் நம்பிக்கையை எங்கள் நோயாளர் நம்புகின்றனர்.

புனைகதைகளுள் டால்ஸ்டாயின் ‘இவான் இலியீச்சின் மரணம்’ (1886) உடனிருப்போருக்கானது. இறந்துகொண்டிருக்கும் நீதிபதியைச் சுற்றி அனைவரும் பொய் பேசுகின்றனர். கெராசிம் என்னும் பணியாள் இளைஞன் மட்டும் பொய் சொல்வதில்லை. நோயாளியின் கால்களைத் தன் தோள்மேல் தாங்கிக்கொண்டு இரவெல்லாம் அமர்ந்திருக்கிறான். பராமரிப்பு என்றால் என்ன என்பதை அவனிடம் மருத்துவரும் கற்கலாம். ஆனால் நோயின் பெயரை நேற்றுத்தான் கேட்டறிந்தவர் கையில் இக்கதையைத் தர வேண்டாம். அவருக்கு அதே ஆசிரியரின் செருப்புத் தைப்பவர் கதை போதும்: தெருவில் குளிரில் நடுங்கிய அந்நியனை வீட்டுக்கு அழைத்துவரும் ஏழையின் கதை அது. ஆங்கிலம் வாசிப்போருக்கு மேரிலின் ராபின்சனின் ‘கிலியாத்’ (2004) உண்டு. இதயநோயுற்ற முதிய போதகர் ஒருவர் தம் சிறு மகனுக்கு எழுதிவைக்கும் மடலாக அமைந்தது. சிறுசிறு பகுதிகளாக இருப்பதால், களைத்திருப்போரும் நாளுக்கு இரு பக்கம் வாசிக்கலாம்.

நூலைத் தருவோருக்குச் சில சொற்கள். முதலில் நோயாளரிடம் கேளுங்கள். அவர் வேறு சமயத்தவராயின் அவர் உள்ளம் விரும்பும் நூலைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டுங்கள்; அதுவும் அன்பின் ஊழியமே. மயக்க மருந்தும் காய்ச்சலும் கவனத்தைக் குலைக்கும். ஆகவே பத்து நிமிடம் மெல்ல வாசித்தால் போதும். நோயாளர் உறங்கிவிட்டால் மகிழ்ந்து நூலை மூடுங்கள். வாசிக்கையில் அவர் அழுதால் தடுக்க வேண்டாம். ஆனால் வாழ விருப்பமில்லை என்பதுபோல் பேசினால், உடனே செவிலியரிடமோ எங்களிடமோ தெரிவியுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

நலமானவரின் சாட்சி எங்களுக்கும் மகிழ்ச்சியே. அதோடு, நலமாகாதவருக்கும் இடம் தரும் ஒரு நூல் ஒவ்வொரு கட்டிலின் அருகிலும் இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். அத்தகைய நூல் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்குமாயின், அடுத்த முறை வரும்போது அதைக் கொண்டுவாருங்கள்.